நாலு பத்தில் நின்ற செவ்வாய்க்கிழமை

எங்கள் ஊரில் சூரியன் கம்பெனியின் பேச்சைக் கேட்டு நடக்க ஆரம்பித்தது ஆடிப்பெருக்கு கழிந்த வாரத்தில். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் அது எப்படி என்று கேட்கிறார்கள். எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதற்கு முன்பே ஏரி கம்பெனியின் பேச்சைக் கேட்டு வற்றியிருந்தது, காஞ்சிபுரம் பஸ் கம்பெனியின் பேச்சைக் கேட்டு வழி மாறியிருந்தது, ஊராட்சித் தீர்மானங்கள் கம்பெனியின் பேச்சைக் கேட்டு எழுதப்பட்டுக்கொண்டிருந்தன, மிச்சம் இருந்தது சூரியன் ஒன்றுதான், அதுவும் போயிற்றா என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு ஆனைமேட்டுப்பாக்கத்து ஜனங்கள் வேலைக்குப் போனார்கள்.

சூரியனைக் கம்பெனியோடு கட்டிய அந்தக் கம்பியை இணைத்தவள் நான். என் பெயர் பொற்கொடி. எங்கள் ஊரிலிருந்து கம்ப்யூட்டர் படித்து, எங்கள் ஊருக்கு வந்த கம்பெனியிலேயே ஏசி அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு, இப்போது சொல்வது வாக்குமூலம்.

கார்களுக்குள் வைக்கிற மின்பலகைகளைச் செய்கிற கம்பெனி அது. பலகைக்குள் ஒரு சின்னக் கணினி, அதற்குள் கெர்னல் என்று ஒரு மேஸ்திரி. எந்த வேலை முதலில், எந்த வேலை அப்புறம் என்று பிரித்துக் கொடுப்பது அதன் பொறுப்பு. இந்த மேஸ்திரிக்குத் தானாக நேரம் தெரியாது. டைமர் என்று ஒருவன் நிமிஷத்துக்கு ஒரு தரம் அதன் தோளைத் தட்டுவான். தட்டினால் ஒரு நிமிஷம் ஆயிற்று என்று அது குறித்துக்கொள்ளும், தட்டாவிட்டால் யுகமே கழிந்தாலும் அதற்கு அதே நிமிஷம்தான். இந்தத் தட்டலுக்கு இன்டெரப்ட் என்று பெயர். என் மேசையில் இருந்தது சோதனைப் பெட்டி, அதில் விழுகிற தட்டல்கள் நான் கொடுக்கிறவை. பத்து வருஷம் கழித்துப் பலகை என்ன செய்யும் என்று பார்க்கப் பத்து வருஷம் காத்திருக்க முடியாது, அதனால் பத்து வருஷத்துத் தட்டல்களையும் ஒரே மத்தியானத்தில் கொடுத்துவிடுவேன், கெர்னலும் நம்பிவிடும். பாவனை நேரம் என்று அதைச் சொல்வோம்.

எங்கள் ஊராட்சி அலுவலக மொட்டைமாடியில் ஒரு சைரன் உண்டு, நாங்கள் அதைச் சங்கு என்போம். காலை ஒன்பது, பகல் பன்னிரண்டு, சாயங்காலம் ஐந்து என்று மூன்று வேளை ஊதும். ஐந்து மணிச் சங்கு ஊதிவிட்டால் நெய்கிறவர் தறியை விட்டும், அறுக்கிறவர் வயலை விட்டும், கல் உடைக்கிறவர் சுத்தியலைப் போட்டும் எழுந்துவிட வேண்டும், அதற்கு மேல் ஒருவரை வேலை வாங்கினால் வாங்கினவர் வீட்டில் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். நாற்பது வருஷத்து வழக்கம் இது. அந்தச் சங்கைக் கணினி வழியாக ஊதவைத்து ஊருக்குச் சேவை செய்கிறோம் என்று கம்பெனி அறிவித்தது, ஊராட்சித் தலைவி கோதாவரி அம்மாளுக்குச் சால்வை போட்டது, கம்பியை இழுத்துக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அன்றைக்கு எனக்குச் சோம்பல். தனியாக ஒரு பெட்டி வாங்கக் கடிதம் எழுதி, கையெழுத்துக்கு அலைந்து, யாருக்கு வேண்டும் அது? கம்பியைக் கொண்டுவந்து என் மேசைச் சோதனைப் பெட்டியிலேயே செருகிவிட்டேன்.

சங்கு ஊதியதும் அந்தச் செய்தி பெட்டிக்குத் திரும்பி வர இன்னொரு கம்பியும் வேண்டியிருந்தது. பெட்டியில் கம்பி பற்றவைக்கிற காலி முள் ஒன்றுதான் மிச்சம். அது மின்சாரம் சாகப்போகிற கடைசி நொடிக்காக ஒதுக்கி வைத்த முள். மற்ற எந்தத் தட்டலுக்கும் கெர்னல் காதைப் பொத்திக்கொள்ள முடியும், அந்த முள்ளில் விழுகிற தட்டலுக்கு மட்டும் பொத்த முடியாது. என்ன வேலையில் இருந்தாலும் கீழே போட்டுவிட்டுக் காதைத் திறந்தே ஆகவேண்டும். போகட்டும், யார் பார்க்கப்போகிறார்கள் என்று திரும்புகம்பியை அதிலேயே பற்றவைத்தேன், அப்புறம் அதை மறந்தும் போனேன்.

மறுநாள் நான் பாவனை நேரத்தை ஓட்டியபோது ஊர் நிழல்கள் அவிழ்த்துவிட்ட ஆடுகள் மாதிரி ஓடின. ஆட்டுக்கல்லில் அரைத்துக்கொண்டிருந்த மாவு அரைக்கும்போதே புளித்தது, காலையில் கட்டிய மல்லி மொட்டு பூக்காரி தெருமுனை திரும்புவதற்குள் விரிந்து வாடியது. பயந்துபோய்த் தட்டலை நிறுத்தினேன். சூரியன் தென்னை உச்சியில் நின்றது. கொஞ்ச நாளில் எங்களுக்கு விவரம் பிடிபட்டுவிட்டது. தானாக ஆகிறவை எல்லாம், அதாவது சூரியன், நிழல், சுவர்க் கடிகாரம், மாவு, பால், மொட்டு, விதை, தூக்கம், உலை கொதிப்பது எல்லாம், பெட்டியின் தட்டலுக்குக் காத்திருந்தன. மனுஷர் கையால் செய்கிறவை எதுவும் காத்திருக்கவில்லை. பசியும் நோவும் அசதியும் நெஞ்சுத் துடிப்பும்கூடக் காத்திருக்கவில்லை, அவை எந்தக் காலத்திலும் யார் கடிகாரத்தையும் பார்த்ததில்லை. கம்பெனி யந்திரங்கள் மட்டும் எப்படி ஓடின என்று கேட்காதீர்கள், கம்பெனிக்கு எப்போதுமே தனி லைன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எங்களுக்கு முதலில் இது பிடித்திருந்தது. வடகம் காயும்வரை வெயிலைப் பிடித்து வையேன் என்று பெண்கள் என்னிடம் சொல்லிவிட்டார்கள், நான் பிடித்து வைத்தேன். மாப்பிள்ளை வேன் வாலாஜாபாத்தில் பஞ்சராகி நின்றபோது முகூர்த்தத்தை அப்படியே நிறுத்திவைத்தேன், ஐயர் மூன்று தரம் மந்திரத்தை முதலிலிருந்து சொன்னார், மாப்பிள்ளை வந்து வேட்டி மாற்றிக்கொண்டு பொறுமையாகத் தாலி கட்டினார். பரீட்சைக்குப் படிக்காத பிள்ளைகள் எனக்குக் கொய்யாப்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏரிக்கரையில் என்னைப் பார்த்தால் கிழவர்கள் துண்டை இறக்கினார்கள். இப்படிப் பல்லை இளித்துக்கொண்டே நாங்கள் எங்கள் பொழுதைத் தூக்கி அடுத்தவர் கையில் கொடுத்தோம், கொடுத்தது தெரியாமலே கொடுத்தோம்.

ஆவணியில் ஆலை மேலாளர் கிருபாகரன் என்னைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தாத மனிதர். அவர் மேசையில் துளசிச்செடி உண்டு.

"பொற்கொடி, முக்கியமான வேலை நடக்கும்போது கெர்னல் என்ன செய்யும்?"

"தட்டல் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு காதைப் பொத்திக்கும் சார். வேலை முடிஞ்சதும் திறந்துக்கும்."

"நமக்கு இருபதாயிரம் பலகை முக்கியமான வேலை. அது பேக் ஆகிற வரைக்கும் காதைப் பொத்துறமாதிரி எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். மூன்றே வரி. எதற்கு என்று கேட்காமல் எழுதினேனா, கேட்டுப் பதில் தெரிந்தே எழுதினேனா என்று இன்றைக்கு என்னை நானே கேட்டால், இரண்டுமே பொய் என்று தோன்றுகிறது. நல்ல பெயர் வாங்க எழுதினேன். அவர் பெட்டியைத் தன் அறைக்கு எடுத்துப்போய் இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார், ஜெனரேட்டரும் பேட்டரியும் கொடுத்து அதற்கு மின்சாரம் சாகாமல் பார்த்துக்கொண்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு பத்துக்கு, பெட்டி காதைப் பொத்திக்கொண்டது.

நாலு பத்துக்குச் சூரியன் அரசமரத்துக்கு மேற்கே, மஞ்சள் கலந்த வெள்ளையில் நின்றது. நின்றது நின்றதுதான். உள்ளே எண்ணூறு பேர் பலகைகளில் சில்லு பொருத்திக்கொண்டிருந்தார்கள், பொருத்தினார்கள், மறுபடி பொருத்தினார்கள், கை வீங்கியது, கண் எரிந்தது, தூக்கம் தட்டலுக்குக் காத்திருந்ததால் அசதி மலைமாதிரி ஏறியும் ஒருவருக்கும் கண் சொருகவில்லை, நாலரைக்கு வரவேண்டிய டீ வரவேயில்லை, ஒரு ஷிஃப்டுக்கு ஒரு தரம் என்று வைத்திருந்த கக்கூஸ் சீட்டு எல்லோரிடமும் தீர்ந்துபோயிற்று, ஐந்து மணி ஆனால்தான் திறக்கிற வாசல் கதவு ஐந்து மணிக்காக மூடியே கிடந்தது. உலை கொதிக்காத ஊரில் சோறு ஏது? வீட்டிலிருந்தவர்கள் பொரியும் வாழைப்பழமும் கொண்டுபோய் வேலிக்கம்பி வழியாக நீட்டினார்கள். காஞ்சிபுரம் பஸ் வெளியூர் இருட்டிலிருந்து விளக்கைப் போட்டுக்கொண்டு எங்கள் வெயிலுக்குள் வந்தது, அதில் புதன்கிழமைப் பேப்பர் வந்தது, அப்புறம் வியாழக்கிழமைப் பேப்பரும் வந்தது. எங்களுக்கு இன்னும் செவ்வாய்.

"இன்னா சார் இது, ரெண்டு நாளா வேலை செய்யறோம்," என்று உள்ளே ஒருத்தி கேட்டாளாம். கிருபாகரன் அவளைச் சுவர்க் கடிகாரத்தின் கீழே கூட்டிப்போய் நிறுத்தி, "படிச்சுப் பாரும்மா. சட்டப்படி எட்டு மணி நேரம். நான் ஒரு நிமிஷம்கூட அதிகமா வாங்கலையே," என்று சொன்னாராம். சொன்னவரின் சட்டை கசங்கவில்லை. அவர் ஒவ்வொரு நாளும் ஊருக்கு வெளியே காரில் போய்த் தூங்கிவிட்டு வந்தார்.

இந்த நாலு பத்துக்குத்தான் அஞ்சுகத்துக்கு வலி கண்டது.

அஞ்சுகமும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவள் பத்தாவதோடு நின்றாள், நான் மேலே போனேன், அவ்வளவுதான் வித்தியாசம். அவள் ஒன்பதாம் வரிசையில் சில்லு பொருத்துகிறவள், அவள் புருஷன் ஏகாம்பரம் பேக்கிங்கில். நிறைமாதம், ஒப்பந்தத் தொழிலாளிக்கு லீவு கிடையாது என்பதால் நின்றுகொண்டே வேலை செய்தாள். பனிக்குடம் உடைந்து தரை நனைந்த பிறகுதான் அவளை வாசலுக்கு வெளியே விட்டார்கள். ஏகாம்பரத்தை விடவில்லை, அவன் ஷிஃப்ட் முடியவில்லையாம்.

ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டெல்லா சிஸ்டர் இருந்தார். பதினேழு வருஷமாக எங்கள் ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் ஏந்தின கை அவருடையது. அவர் அஞ்சுகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வலி நல்லா இருக்கு, பிள்ளை நல்லா இருக்கு. ஆனா கர்ப்பவாய் திறக்கமாட்டேங்குது. ரெண்டு விரல் அளவுல அப்படியே நிக்குது."

நிற்காமல் என்ன செய்யும்? வலி நேரத்தைப் பார்ப்பதில்லை, அது பாட்டுக்கு வந்தது. உடம்பு திறப்பது தானாக ஆகிற காரியம், அது தட்டலுக்காகக் காத்திருந்தது. புதன்கிழமைப் பேப்பர் வந்தபோது அவள் கத்திக்கொண்டிருந்தாள், வியாழக்கிழமைப் பேப்பர் வந்தபோது கத்தத் தெம்பில்லாமல் கட்டில் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸில் ஏற்றி ஊர் எல்லைச் சிறுபாலத்தைத் தாண்டிப் பார்த்தோம். தாண்டியதும் வலி பட்டென்று நின்றது, வயிறு கல்லாயிற்று, ஸ்டெல்லா சிஸ்டர் குழலை வைத்துக் கேட்டுவிட்டு முகம் வெளுத்து, "திருப்புப்பா, வண்டியைத் திருப்பு," என்று கத்தினார். எங்கள் ஊர் நேரத்தில் தொடங்கியது எங்கள் ஊர் நேரத்தில்தான் முடியவேண்டும் போலிருந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும் பிள்ளையின் துடிப்பும் வந்தது, வலியும் வந்தது.

கடிகாரம் நின்றுபோனதால் ஸ்டெல்லா சிஸ்டர் ஜெபமாலை எண்ணினார். ஒரு முழு ஜெபமாலை சொல்ல எவ்வளவு நேரமாகும் என்று அவருக்குக் கை சொல்லும். ஒவ்வொரு மாலை முடிந்ததும் குழலை வயிற்றில் வைத்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்டு, நோட்டில் ஒரு வரி எழுதினார். துடிப்பு இவ்வளவு, தாய்க்கு நாடி இவ்வளவு, வாய் இரண்டு விரல். நேரம் என்ற கட்டத்தில் சுவரைப் பார்த்து நாலு பத்து என்று எழுதினார், அடுத்த வரியிலும் நாலு பத்து, அதற்கடுத்த வரியிலும் நாலு பத்து.

நான் கிருபாகரனிடம் போனேன். நின்றுகொண்டே பேசினேன்.

"சார், ஒரு பொண்ணு சாகக் கிடக்குறா. காதைத் திறந்துவிடுங்க."

"இருபதாயிரம் முடிஞ்சதும் தானா திறக்கும். நீங்க எழுதினதுதானே?"

"எவ்வளவு ஆச்சு?"

"இருபதாயிரம் நேத்தே ஆயிடுச்சு. நாப்பதாயிரம்னு மாத்தியிருக்கேன்," என்றார். துளசிக்குத் தண்ணீர் ஊற்றினார். "பிரசவ வலின்னா நாள் கணக்குல ஆகும் பொற்கொடி. இது இன்னும் ஒரு நிமிஷம்கூட ஆகலையே."

எனக்கு அங்கேயே அந்தத் துளசிச்செடியைத் தூக்கி அவர் மூஞ்சியில் அடிக்கவேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை. அவர் சொன்னது என் பெட்டியின் கணக்குப்படி நிஜம். காதைப் பொத்தியிருக்கும்போது டைமர் வந்து தட்டினால் கெர்னல் வாசலில் ஒரே ஒரு கொடி ஏறும், யாரோ வந்தார்கள் என்று. மறுபடி தட்டினால் ஏறின கொடிதான், இன்னொன்று ஏறாது. ஆயிரம் தரம் வந்து தட்டிவிட்டுப் போனாலும் காதைத் திறக்கும்போது கெர்னல் எண்ணுவது ஒன்று. எண்ணூறு பேரின் மூன்று நாள் ஒற்றைக் கொடி. இப்படித்தான் உலகத்தில் எல்லாக் கெர்னலும் வேலை செய்கிறது, நாங்கள் அதைப் புத்தகத்தில் படித்துப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினோம், அது ஒரு அநியாயம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

படியிறங்கும்போதுதான் என் சோம்பல் எனக்கு ஞாபகம் வந்தது. காது பொத்த முடியாத அந்த முள். சங்கின் திரும்புகம்பி.

சங்குக்குப் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி உண்டு, கரண்ட் இல்லாத நாளில் சுற்றி ஊத. கையால் சுற்றினால் சங்கு ஊதும், சங்கு ஊதினால் திரும்புகம்பியில் செய்தி போகும், செய்தி போனால் பெட்டி வேறு வழியில்லாமல் காதைத் திறக்கும். ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடினேன். கோதாவரி அம்மாள் மொட்டைமாடிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, சாவி குடுங்க. அஞ்சுகம் செத்துடுவா."

"கம்பெனியைக் கேக்காம எப்படிம்மா? தண்ணி டேங்க் யாரு கட்டிக் குடுத்தாங்க? நீ மனு எழுதிக் குடு, செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துல வெக்கிறேன்."

"இன்னிக்குத்தான் அத்தை செவ்வாய்க்கிழமை."

"அப்ப அடுத்த செவ்வாய்."

"அடுத்த செவ்வா எங்கேருந்து வரும்?" என்று நான் கத்திய கத்தலில் வாசலில் கூட்டம் சேர்ந்தது. கோதாவரி அம்மாள் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தார், கீழே பார்த்தார், ஆனால் இடுப்பிலிருந்த கை நகரவில்லை. சால்வை அந்த அம்மாளின் நாற்காலி முதுகில் மடிப்புக் கலையாமல் தொங்கியது.

அப்போது ஸ்டெல்லா சிஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் பிரசவ அறையை விட்டு வெளியே வந்து நாங்கள் பார்த்ததேயில்லை. கையில் ஆக்ஸிஜன் சிலிண்டர் திருகுகிற பெரிய ஸ்பேனர்.

"துடிப்பு குறையுது," என்றார். "எந்தப் பூட்டு?"

மாடிப்படிக் கதவைக் காட்டினேன். மூன்று அடி. மூன்றாவது அடியில் பூட்டு வாயைப் பிளந்தது. "சிஸ்டர், இது அரசாங்க சொத்து," என்றார் கோதாவரி அம்மாள். "அங்க துடிக்கிற உசுரும்தான்," என்று பிரசவ அறை இருக்கும் திசையைக் காட்டிவிட்டு ஸ்டெல்லா சிஸ்டர் வந்த வேகத்திலேயே திரும்பிப் போனார்.

கைப்பிடி துருப்பிடித்து இறுகியிருந்தது. தொங்கினேன், காலை வைத்து உதைத்தேன், உள்ளங்கைத் தோல் உரிந்தது. பின்னால் ஏறிவந்த பெண்கள், வடகத்துக்கு வெயில் கேட்டவர்கள்தான், ஆளுக்கு ஒரு கை போட்டார்கள். முதலில் ஒரு முனகல், அப்புறம் மாடு கத்துகிறமாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஊரே நாற்பது வருஷமாகக் கேட்ட அந்தச் சங்கு, நீளமாக, நாங்கள் விடவேயில்லை.

பெட்டி காதைத் திறந்தது. வாசலில் ஏறியிருந்த ஒற்றைக் கொடியை எடுத்துக்கொண்டது. மணி நாலு பதினொன்று ஆயிற்று. அரசமரத்து நிழல் ஒரு விரல் நகர்ந்தது, தெருவில் இருந்த அத்தனை அடுப்பிலும் உலை ஒரே சமயத்தில் பொங்கியது, கூடைகளில் மூன்று நாளாக இறுகிக் கிடந்த மொட்டெல்லாம் பட்பட்டென்று விரிந்தது, சுகாதார நிலையத்து ஜன்னலிலிருந்து ஒரு பிள்ளை வீரிட்டது.

கம்பெனிக்குள் எண்ணூறு பேரும் சங்கைக் கேட்டார்கள். கேட்டதும் கையிலிருந்ததை மேசையில் வைத்தார்கள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை, சங்கு ஊதினால் எழுந்துவிட வேண்டும், அவ்வளவுதான். கிருபாகரன் மைக்கைப் பிடித்தார். "மணி நாலு பதினொண்ணுதான் ஆகுது! அஞ்சுக்கு இன்னும் நாப்பத்தொம்பது நிமிஷம் இருக்கு!" அவர் குரல் உயர்ந்ததை அன்றைக்குத்தான் எல்லோரும் கேட்டார்கள்.

"சங்கு ஊதிருச்சு சார்," என்றான் ஏகாம்பரம். எண்ணூறு பேர் சேர்ந்து தள்ளினால் எந்தக் கதவுக்கும் மணி பார்க்கத் தெரியாது. அவர்களில் பாதிப்பேர் வீடுவரை போகவில்லை. தூக்கம் வழியிலேயே வந்து அடித்து, சாலை ஓரத்திலும் ஏரிக்கரையிலும் சாப்பாட்டுப் பையைத் தலைக்கு வைத்து விழுந்து கிடந்தார்கள். அவர்களைத் தாண்டித் தாண்டி ஏகாம்பரம் ஓடினான்.

கம்பியை அன்றைக்கே வெட்டினேன். சூரியன் இரண்டு நாள் சங்குக்குக் காத்திருந்து தயங்கித் தயங்கி நகர்ந்தது, அப்புறம் பழைய போக்குக்கு வந்துவிட்டது. எனக்கு வேலை போயிற்று. நாள்காட்டியில் கிழிக்காத புதன், வியாழன் தாள்களைப் பல வீடுகளில் இன்னமும் ஆணியில் குத்தி வைத்திருக்கிறார்கள்.

தொழிலாளர்கள் கேட்டது ஒன்றுதான்: எங்கள் மூன்று நாளை நடந்தது என்று எழுதிக் கொடுங்கள். விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார், கிருபாகரன் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் காட்டினார். நாலு பத்து, அடுத்த பதிவு நாலு பதினொன்று. என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பதிவு சரிதானா?" என்று கேட்டார். காது பொத்தினால் தட்டல் எண்ணப்படாது என்று நான் அரைமணி நேரம் விளக்கினேன். "பதிவு சரியா இல்லையா, அதைச் சொல்லுங்க," என்றார். சரி என்றுதான் சொல்லவேண்டியிருந்தது, அது என் பெட்டி, அது பொய் சொல்லாது, அதன் அயோக்கியத்தனமே அதுதான்.

அதன்பிறகு அவர் சுகாதார நிலையத்துக்கு வந்தார். அஞ்சுகம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெண் குழந்தை. உதட்டில் கட்டில் கம்பியைக் கடித்த காயம் இன்னும் ஆறவில்லை. அதிகாரி பிறப்புப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார்.

"வலி ஆரம்பிச்சது நாலு பத்து. குழந்தை பிறந்தது நாலு பதினொண்ணு," என்று படித்தார், சிரித்தார். "ஒரே நிமிஷத்துல சுகப்பிரசவம். குடுத்துவெச்சவங்கம்மா நீங்க. இதுக்கா புகார்?"

ஸ்டெல்லா சிஸ்டர் அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்தார். இருநூற்றுப் பதினோரு வரி. ஒவ்வொரு வரியிலும் நேரம் நாலு பத்து.

"இது என்ன, எல்லாத்துக்கும் ஒரே நேரம் போட்டிருக்கீங்க? இதை நான் எந்தக் கட்டத்துல எழுதறது?" என்றார் அதிகாரி.

"எழுத வேணாம் சார். கேளுங்க போதும்," என்றாள் அஞ்சுகம். "சிஸ்டர், படிங்க."

ஸ்டெல்லா சிஸ்டர் படித்தார். நாலு பத்து, பிள்ளைத் துடிப்பு நூற்று நாற்பத்திரண்டு, வாய் இரண்டு விரல். நாலு பத்து, நூற்று நாற்பது, இரண்டு விரல். ஒவ்வொரு வரிக்கும் நடுவில், எழுதியபோது விட்ட அதே இடைவெளியை விட்டு, மாலை மணிகளை ஒவ்வொன்றாக உருட்டி முடித்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போனார். ஒன்பதாம் வரிசைப் பெண்கள் வந்து வாசலில் நின்றார்கள், பிறகு மற்ற வரிசைப் பெண்கள் வந்து நின்றார்கள், வாசல் அடைத்துக்கொண்டது. ஐந்தாவது வரியில் அதிகாரி கால் மாற்றி உட்கார்ந்தார். எட்டாவது வரியில் கைக்குட்டையை எடுத்தார். பன்னிரண்டாவது வரி முடிந்து மாலை திரும்பவும் முதல் மணிக்கு வந்தபோது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கோப்பை மூடிக்கொண்டு எழுந்தார்.

"சரிம்மா, புரியுது. எனக்கு நேரமாகுது."

அஞ்சுகம் பிள்ளையை ஒரு மார்பிலிருந்து இன்னொரு மார்புக்கு மாற்றினாள். தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

"உக்காருங்க சார்," என்றாள். "மணி இன்னும் நாலு பத்துதான் ஆவுது."